தரவுத்தளமும் ஆசிரியன் என்னும் கருத்தும்: செய்நிரல் பிறப்பாக்கியொன்றிற் புதிய செயற்றிட்டம் அமைத்தல் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

ஈழத்துத் தமிழ்ச் சஞ்சிகைகளில் வெளிவந்த ஆக்கங்களை அட்டவணைப்படுத்தும் பணி, சிறு அட்டைகளிற் கையால் எழுதிய காலத்தைக் கடந்து இன்று கணினித் தரவுத்தளத்தை வந்தடைந்துள்ளது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதன் பின்னர், ஆவணப்படுத்தல் என்பது எமக்கு வெறும் நூலகவியல் விடயமாக இருந்ததில்லை. 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்துறையிற் செய்துவரும் பணி யாவரும் அறிந்ததே. ஆயின் பக்கங்களைப் படிமங்களாகக் காப்பது ஒன்று. அவற்றின் உள்ளடக்கத்தை அட்டவணைப்படுத்துவது வேறொன்று. ஒரு பக்கம் படிமமாகக் காக்கப்படும்போது அதிலுள்ள யாவும் காக்கப்படுகின்றன. அட்டவணைப்படுத்தப்படும்போதோ, அட்டவணை கேட்கும் வினாக்களுக்கு விடையாக அமையக்கூடியவை மட்டுமே காக்கப்படுகின்றன. அவ்வினாக்களை வகுப்பவர் யார், எக்கட்டத்தில் வகுக்கிறார் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இப்பொருளை நாம் மிகக் குறுகியதும், இலக்கிய மாணவர் பலருக்கு அந்நியமாகத் தோன்றக்கூடியதுமான ஓர் இடத்தில் வைத்து நோக்க விரும்புகிறோம். தரவுத்தளத்தோடு உரையாடும் செய்நிரலைத் தானே எழுதித் தரும் கருவியொன்றிற் புதிய செயற்றிட்டம் ஒன்றைத் தொடங்கும் அந்த முதல் மணித்தியாலமே அவ்விடம். தொழினுட்பவியலாளரின் தனியுரிமை எனக் கருதி நாம் அங்கு செல்வதில்லை. செல்லாதிருப்பதன் விளைவுகளை மட்டும் பின்னர் பல்லாண்டுகள் அனுபவிக்கிறோம்.

சொற்கள் பற்றி ஒரு குறிப்பு அவசியம். இலங்கைக் கணித பாட வழக்கிற் கிடையாகச் செல்வது நிரை, நிலைக்குத்தாகச் செல்வது நிரல். அவ்வழக்கையே இங்கு பின்பற்றுகிறோம். கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்போம். அட்டவணைகள் எவை, அவற்றின் நிரல்கள் எவை, ஒவ்வொரு நிரலும் எவ்வகைத் தரவை ஏற்கும் என்பவற்றை வகுத்துரைக்கும் ஆவணத்தை அட்டவணை வரைவு என்போம்.

செய்நிரல் பிறப்பாக்கி என்ற கருத்து புதியதன்று. 1952 இல் கிரேஸ் ஹொப்பர் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கிய நாள் முதல், செய்நிரல் எழுதும் உழைப்பில் ஒரு பகுதியைச் செய்நிரலுக்கே ஒப்படைக்கும் முயற்சி நடந்து வருகிறது. 1959 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஆர்.பி.ஜி. என்பதன் விரிவே ‘அறிக்கைச் செய்நிரல் பிறப்பாக்கி’ என்பதாகும். தரவுத்தளத் துறையில் உண்மையான திருப்பம் 1970 யூன் மாதத்தில் நேர்ந்தது. எட்கார் கொட் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர், தரவுகளை நிரை நிரல்களாலான தொடர்புகளாகக் கருதும் மாதிரியொன்றை அப்போது முன்வைத்தார். (மக்கார்த்தியின் வேட்டையால் மனங்கசந்து 1953 இல் ஐக்கிய அமெரிக்காவை விட்டுக் கனடாவின் ஒட்டாவாவுக்குச் சென்றவர் இவர். இத்தகவல் தரவுத்தளப் பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.) 1974 இல் சேம்பலின், பொய்ஸ் ஆகிய இருவர் அம்மாதிரிக்கென ஒரு வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். அதுவே இன்றைய எஸ்.கியூ.எல்.

எஸ்.கியூ.எல். மொழியில் வினவல் ஒன்றை எழுதுவது எளிது. அதன் விடையை வேறொரு மொழியில் எழுதப்பட்ட செய்நிரலுக்குள் கொண்டுவருவதே சலிப்பூட்டும் வேலை. முதலாம் நிரலை இந்த மாறிக்குள் இடு, இரண்டாம் நிரலை அந்த மாறிக்குள் இடு என ஒவ்வொரு வினவலுக்கும் திரும்பத் திரும்ப எழுதவேண்டும். ஒன்று இடம் மாறினாலும் பிழை. அப்பிழையோ செய்நிரல் ஓடும்போதுதான் தலைகாட்டும். இவ்வுழைப்பையே பிறப்பாக்கிகள் ஏற்றுக்கொள்கின்றன. அவை செல்லும் திசைகள் வேறுபடும். ஜூக் என்னும் ஜாவா மொழிக் கருவி, ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தை வாசித்து அதற்கேற்ற செய்நிரலைப் பிறப்பிப்பது. பைத்தன் மொழியின் ஜாங்கோவோ தலைகீழாக, செய்நிரலில் எழுதிய மாதிரியிலிருந்து அட்டவணைகளை ஆக்குவது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் எஸ்.கியூ.எல்.சி. இவ்விரண்டினின்றும் சற்று வேறானது. அட்டவணை வரைவையும் வினவல்களையும் நாமே எஸ்.கியூ.எல். மொழியில் எழுதிக் கொடுக்கிறோம். அவற்றைப் படித்து, வகைப் பொருத்தம் சரிபார்த்து, ‘கோ’ மொழியிலான செய்நிரலை அது எழுதித் தருகிறது. மூலச் செய்நிரல் திறந்துவிடப்பட்ட இலவச மென்பொருள் இது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீட்டையே தருவது. இன்று பெரிதும் பேசப்படும் மொழி மாதிரிகள் எழுதித்தரும் செய்நிரலுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. ஊகம் இங்கு இல்லை; எனவே பொறுப்பு முழுவதும் உள்ளீட்டை எழுதியவருடையது.

ஈழத்துச் சஞ்சிகைகளுக்கான அட்டவணையொன்றை இக்கருவியின் துணையோடு அமைக்க முனைகிறோம் என வைத்துக்கொள்வோம். ‘கோ’ மொழிக்குரிய வெற்றுச் செயற்றிட்டமொன்றை ஆக்கிய பின், ‘இனிட்’ என்ற கட்டளையை இட்டால் ஏறத்தாழ வெறுமையான அமைவுக் கோப்பு ஒன்று கிடைக்கும். யாமல் என்னும் எளிய வடிவில் அமைந்த அக்கோப்பில் நாம் நிரப்பவேண்டியவை மிகச் சில: பயன்படுத்தும் தரவுத்தள இயந்திரம் எது (போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்பவற்றுள் ஒன்று), அட்டவணை வரைவு எக்கோப்பில் உள்ளது, வினவல்கள் எக்கோப்பில் உள்ளன, பிறக்கும் செய்நிரலை எப்பெயரில் எவ்விடத்தில் வைப்பது என்பன. நாம் போஸ்ட்கிரெஸைத் தேர்ந்துகொள்வோம். இதுவரை செய்தது இயந்திர வேலை. பத்து நிமிடங்களுக்கு மேல் இதிற் செலவிட ஒன்றுமில்லை.

அடுத்து எழுதவேண்டியது அட்டவணை வரைவு. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

இக்கருவியின் தொடக்கப் பாடத்தில் மாதிரியாகத் தரப்படும் அட்டவணை எது என்பதை இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டும். அது எழுத்தாளர் அட்டவணை! அதில் மூன்று நிரல்கள் உள. முதலாவது அடையாள எண். இரண்டாவது பெயர், அது இன்மையை ஏற்காது, கட்டாயம் நிரப்பப்படவேண்டும். மூன்றாவது வாழ்க்கைக் குறிப்பு. அது இல்லாமலும் இருக்கலாம். பெயர் கட்டாயம், வாழ்க்கை விருப்பம். மாதிரியை ஆக்கியோர் தீய நோக்குடன் இதனைச் செய்தனர் என நாம் சொல்லவில்லை. கற்போருக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒன்றைத் தேடியபோது அவர்கள் கைக்கு முதலில் அகப்பட்டது, தனக்கென ஒரு பெயரை உடையவனும் தன் படைப்புக்கு உடைமையாளனுமான தனிமனித ஆசிரியன். அச்சுப் பண்பாட்டோடும் பதிப்புரிமையோடும் சேர்ந்து வளர்ந்த முதலாளித்துவ கால வடிவம் அது. எல்லாக் காலத்துக்கும் உரிய இயற்கை வடிவம் போன்று அது ஒரு மென்பொருட் பாடத்தின் முதற் பக்கத்தில் நிற்கிறது. கருத்துநிலை என்பது பெரும்பாலும் இவ்வாறு, எவரும் கருத்துநிலை என ஐயுறாத இடங்களிலேயே உறைகிறது.

இம்மாதிரியை அப்படியே பெயர்த்தெழுதி, ஆக்கங்கள் என்றோர் அட்டவணையையும் சேர்த்து, ஒவ்வோர் ஆக்கத்துக்கும் ஓர் எழுத்தாளர் கட்டாயம் என விதித்துவிட்டோம் என்று கொள்வோம். பதிவாளர் ஒருவர் வேலையைத் தொடங்குகிறார். சிறுகதைகள், கட்டுரைகள் தடையின்றிச் செல்கின்றன. அப்பால் மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்டார் பாடல்கள் வருகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்தமையால் அச்சேறிய பாடல்கள் அவை. கொழுந்து பறிக்கும் மலையிலும் லயத்திலும் பலர் வாயிலாக உருப்பெற்ற அப்பாடல்களுக்கு எழுத்தாளர் என ஒருவரைக் காட்ட முடியாது. அட்டவணையோ ஒருவரைக் கேட்கிறது. கொடுக்காவிடின் பதிவை ஏற்க மறுக்கிறது. பதிவாளருக்கு இரு வழிகளே உண்டு. தொகுத்தவரின் பெயரை எழுத்தாளர் நிரலில் இடலாம். அவ்வாறு செய்தால் ஒரு வர்க்கத்தின் கூட்டுப் படைப்பு ஒரு தனிமனிதரின் கணக்கிற் சேர்ந்துவிடும். தொகுப்பாளரே அதனை விரும்பியிருக்கமாட்டார். அல்லது ‘அநாமதேயர்’ எனப் பெயரிட்டு ஒருவரைப் படைக்கலாம்.

இரண்டாம் வழி தீங்கற்றதுபோலத் தோன்றும். ஆனால் தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அநாமதேயர் என்பவர் மற்றெல்லாரையும்போன்ற ஓர் ஆள். அவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மிகுதியாக எழுதிய எழுத்தாளர் யார் என வினவினால், மட்டக்களப்பு வயல்களிலும் மலையகத் தோட்டங்களிலும் ஒரே வேளையில் வாழ்ந்து, ஒப்பாரியும் தாலாட்டும் ஆசிரியத் தலையங்கமும் எழுதிக் குவித்த அவரே முதலிடத்தில் நிற்பார். நகைப்புக்குரிய இம்முடிவைக் கண்டு அவரை விலக்குமாறு எவரேனும் வினவலை மாற்றுவர். அத்தோடு உழைக்கும் மக்களின் வாய்மொழி இலக்கியம் முழுவதும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். யாரும் திட்டமிட்டு நீக்கவில்லை. வினவலில் ஒரு வரி மட்டுமே சேர்க்கப்பட்டது.

‘அட்டவணை வரைவைப் பின்னர் மாற்றலாமே’ என்று கேட்கப்படலாம். மாற்றலாம். கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தப் போஸ்ட்கிரெஸில் ஒரு வரி போதும். மீண்டும் பிறப்பாக்கியை ஓட்டினால் அந்நிரலுக்குரிய வகை மாறிவிடும். வெறும் சரமாக இருந்தது, இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடிய சரமாகும். அதனைப் பயன்படுத்திய இடங்கள் யாவற்றையும் தொகுப்பி பிழையெனச் சுட்டிக்காட்டும்; அவற்றைத் திருத்திவிடலாம். உண்மையில் இது இக்கருவியின் சிறப்புகளுள் ஒன்று. மாற்ற முடியாதவை அதற்குள் இடப்பட்டுவிட்ட பதிவுகளே. கூட்டாக உருவான பாடலுக்கும், சஞ்சிகை பெயர் அச்சிடாது விட்ட கட்டுரைக்கும், கிழிந்த பக்கத்தாற் பெயர் அறியமுடியாத கவிதைக்கும் பதிவாளர் ஒரே ‘அநாமதேயர்’ என்ற சொல்லை இட்டிருக்கிறார். ஆயிரக்கணக்கான பதிவுகளில் இம்மூன்றையும் வேறுபிரிக்க எந்தக் கட்டளையாலும் இயலாது. மூல இதழை மறுபடியும் எடுத்துப் பார்க்கவேண்டும், அது எஞ்சியிருந்தால்.

இன்மை பற்றித் தொடர்புசார் மாதிரியின் தந்தையே கலங்கியிருக்கிறார். எஸ்.கியூ.எல். மொழியில் ‘நல்’ எனப்படும் ஒரே ஓர் இன்மைக் குறி உண்டு. கொட் 1986 இல் எழுதிய கட்டுரையிலும் 1990 இல் வெளியிட்ட நூலிலும் இரண்டு குறிகள் வேண்டுமென வாதிட்டார்: பொருந்தும், ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒன்று, பொருந்தவே பொருந்தாது என்பதற்கு இன்னொன்று. மொழியின் நியமம் அதனை ஏற்கவில்லை. ஆயின் பெயர் தெரியாத எழுத்தாளனுக்கும் எழுத்தாளன் என்ற கருத்தே பொருந்தாத பாடலுக்கும் உள்ள வேறுபாடு, நாட்டார் இலக்கிய ஆய்வின் அடிப்படை வேறுபாடல்லவா? கருவி தராததை வரைவிலேயே நாம் அமைத்துக்கொள்ள வேண்டும்.

எமது கருத்தில், ஆக்கத்தின் அட்டவணையில் எழுத்தாளர் என்றொரு நிரல் இருத்தலே ஆகாது. ஆக்கம் ஓர் அட்டவணை. பெயர் ஓர் அட்டவணை. இரண்டுக்கும் இடையே பங்கு என்றோர் இணைப்பட்டவணை. பங்கு என்பது எழுதியவர், பாடியவர், தொகுத்தவர், மொழிபெயர்த்தவர் எனப் பலவகைப்படும். ஓர் ஆக்கத்துக்குப் பங்குகள் பல இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நாட்டார் பாடலுக்குத் தொகுத்தவர் இருப்பார். தெரிந்தால் பாடிக்காட்டியவர் இருப்பார். எழுதியவர் என்ற நிரை அதற்கு இராது. அந்நிரை ஏன் இல்லை என்பதை ஆக்கத்தின் அட்டவணையிலுள்ள படைப்புரிமை நிலை என்ற நிரல் சொல்லவேண்டும்: கூட்டுப் படைப்பு, பெயர் அச்சிடப்படவில்லை, பக்கம் சிதைந்துள்ளது, பெயர் உண்டு. இந்த நிரல் கட்டாயமாக இருக்கட்டும். கட்டாயப்படுத்தலை நாம் எதிர்க்கவில்லை. எதனைக் கட்டாயப்படுத்துகிறோம் என்பதே வினா.

வினவல் எழுதுகையிலும் இதே கவனம் தேவை. ஆக்கங்களையும் பெயர்களையும் சாதாரண இணைப்பால் இணைத்தால், பெயரற்றவை விடையில் வாரா, பிழைச்செய்தியும் வாராது. இடப்புற இணைப்பைப் பயன்படுத்தினால் அவை நிலைக்கும், எஸ்.கியூ.எல்.சி. அதனையுணர்ந்து பெயரின் வகையை இன்மைக்கு இடம்தருவதாக மாற்றியும் தரும்.

பெயரை ஏன் ஆளிடமிருந்து பிரிக்கவேண்டும்? ஈழத்து இலக்கிய வரலாறு இதற்குத் தரும் சான்று அழகானது. ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவராகிய இலங்கையர்கோனின் இயற்பெயர் த. சிவஞானசுந்தரம். ‘மலைக்கொழுந்து’ நாவலை எழுதிய மருத்துவப் பேராசிரியர் நந்தியின் இயற்பெயர் செ. சிவஞானசுந்தரம். ‘சிரித்திரன்’ சஞ்சிகையை நடத்திய கேலிச்சித்திரக் கலைஞர் சுந்தரின் இயற்பெயர் சி. சிவஞானசுந்தரம். மூவர், ஒரே பெயர், தந்தையின் பெயரிலிருந்து வந்த ஓரெழுத்தே வேறுபாடு. மேனாட்டு மாதிரி வரைவுகள் பலவற்றிற் காணப்படும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு நிரல்களுள் இவர்களை எங்ஙனம் இடுவது? எமக்குக் குடும்பப்பெயர் என ஒன்றில்லை. முன்னெழுத்தைக் குடும்பப்பெயராகக் கொண்டால் ‘சி.’ என்ற குடும்பத்தினர் யாழ்ப்பாணத்திற் பல்லாயிரவர் ஆவர். மாறாக, ஒருவரே பல பெயர்களில் எழுதுவதும் சஞ்சிகை உலகில் வழமை. மஹாகவி என அச்சிட்ட இடத்தில் து. உருத்திரமூர்த்தி எனப் பதிவதும் தகாது. இருவரையும் வெவ்வேறு ஆட்கள் எனக் கொள்வதும் தகாது. ஆகவே ஆக்கத்தோடு இணைவது, அச்சிட்டவாறே பெயர். பெயரானது ஆளோடு இணைவது, ஆராய்ச்சி தெளிவுபடுத்திய பின்னரே. அதுவரை அவ்விணைப்பு இன்மையாக இருக்கலாம். அச்சிலுள்ள சான்றும் ஆய்வாளரின் முடிவும் ஒரே நிரலிற் கலவாதிருக்க இதுவே வழி.

திகதி பற்றியும் ஒரு சொல். ‘1947 ஐப்பசி’ என்று மட்டும் அச்சிட்ட இதழை, நாள் மாதம் ஆண்டு மூன்றையும் கேட்கும் திகதி வகைக்குள் இட்டால், யாரோ ஒரு நாளைக் கற்பித்தாக வேண்டும். அச்சிட்டதை எழுத்தாகவும், ஆண்டை மட்டும் எண்ணாகவும் வைத்தல் போதுமானது.

இனிப் பெயரிடல். நிரல்களுக்கும் அட்டவணைகளுக்கும் தமிழிற் பெயரிட முடியுமா? போஸ்ட்கிரெஸைப் பொறுத்தவரை முடியும், ஓர் எல்லைக்குட்பட்டு. அது ஒரு பெயருக்கு 63 பைற்றுகளை ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்று. தமிழ்க் குறியொன்று யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைற்றுகள். அதாவது ஆங்கிலத்துக்கு 63 எழுத்துகள், தமிழுக்கு 21 குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ‘எழுத்தாளர்களின்_புனைபெயர்கள்’ என்று அட்டவணைக்குப் பெயரிட்டால், ஓர் அறிவிப்போடு அது ‘எழுத்தாளர்களின்_புனைப’ எனக் கத்தரிக்கப்படும்.

‘கோ’ மொழிக்கு வந்தால் நிலைமை இன்னும் இறுக்கமானது. அம்மொழியின் இலக்கணப்படி பெயரொன்று எழுத்துகளாலும் இலக்கங்களாலும் மட்டுமே ஆகவேண்டும். யூனிகோட் வகைப்பாட்டில் அகரமேறிய மெய்களும் உயிர்களும் எழுத்துகள். ஆயின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்துகள் அல்ல, சேர்க்கைக் குறிகள். எனவே ‘பல’ என்பது ஏற்கப்படும். ‘பல்’ என்பது ஏற்கப்படாது. ‘அம்மா’ ஒரு பெயராக முடியாது. தடை அத்தோடு முடியவில்லை. ஒரு பொதியிலுள்ள பெயரை வெளியே உள்ள செய்நிரல் பயன்படுத்த வேண்டுமாயின் அது பேரெழுத்தில் தொடங்கவேண்டும். தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பாகுபாடே இல்லை. ஆதலால் ‘பல’ என்ற சொல்லும் உள்ளே இருக்கலாம், வெளியே வரமுடியாது.

இதனைத் தொழினுட்பத்தின் தவிர்க்கவியலாத விதி எனக் கொள்ளல் தவறு. ஜாவாவும் 2008 இல் வெளிவந்த பைத்தன் மூன்றாம் பதிப்பும் அவ்வழி வந்தனவும் தமிழ்ப் பெயர்களைத் தடையின்றி ஏற்கின்றன. அன்றியும், 2009 இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட ‘கோ’ மொழியை வடிவமைத்த மூவருள் கென் தொம்சன், ரொப் பைக் ஆகிய இருவரே, 1992 இல் யூ.டி.எஃப்.-8 குறிமுறையை ஆக்கி உலக மொழிகள் யாவும் கணினியில் ஒரே பந்தியில் அமர வழிசெய்தவர்கள். உண்ண இடம் கொடுத்தவர்களே பெயர் சொல்லி அழைக்க மறுத்திருக்கிறார்கள்! இதுவும் ஒரு வடிவமைப்புத் தெரிவு. அத்தெரிவின் செலவை ஏற்பவர் அத்தெரிவு நடந்த மேசையில் இருக்கவில்லை என்பதே விடயம்.

நடைமுறையில் என் செய்வது? கருவியின் அமைவுக் கோப்பிலுள்ள பெயர்மாற்றப் பகுதியில் ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் உரோமன் எழுத்திலான மாற்றுப் பெயரைக் கொடுக்கலாம்; நிரல்கள் பெருகப் பெருக இது பெருஞ்சுமையாகும். அட்டவணை, நிரல் பெயர்களை உரோமன் எழுத்தில் வைத்து, தரவு முழுவதையும் தமிழில் வைப்பதே தற்போதைக்கு உகந்தது என்பது எமது துணிபு. அப்போதும் ஒரு கவனம் தேவை. இக்கருவி அட்டவணையின் பன்மைப் பெயரை ஆங்கில இலக்கண விதிப்படி ஒருமையாக்கி, ஒரு நிரைக்குரிய கட்டமைப்புக்குச் சூட்டும். ‘கள்’ விகுதியை அது அறியாது. அட்டவணைப் பெயரை உள்ளவாறே வைக்கச் சொல்லும் தெரிவு அமைவுக் கோப்பில் உண்டு. அதனை இயக்கிவிடுதல் நன்று. மேலும், படைப்புரிமை நிலை போன்ற வரையறுத்த பெறுமானங்களைப் போஸ்ட்கிரெஸின் எண்ணியல் வகையாக அமைத்தால், பிறப்பாக்கி ஒவ்வொரு பெறுமானத்தையும் ‘கோ’ மொழிப் பெயராக்க முனையும்; மேற்சொன்ன தடை மீண்டும் எழும். அவற்றைச் சிறு அட்டவணையொன்றிற் தரவாக வைத்தால் ‘கூட்டுப் படைப்பு’ என்பது தமிழிலேயே நிற்கும். அகரவரிசையும் இத்தருணத்தில் தீர்மானிக்கப்பட வேண்டியதே. யூனிகோட் எண் ஒழுங்கில் னகரம் பகரத்துக்கு முன் வந்துவிடும். தமிழுக்குரிய வரிசை முறையை நிரலுக்கு விதித்தால் இது தீரும்.

வரைவு முடிந்ததும் வினவல்கள். ஒவ்வொரு வினவலுக்கும் மேலே ஒரு குறிப்புவரி: பிறக்கப்போகும் சார்பின் பெயர், அது ஒரு நிரையைத் தருமா, பல நிரைகளைத் தருமா, ஒன்றும் தராது செயலை மட்டும் ஆற்றுமா என்பன. பின்னர் ‘ஜெனரேட்’ என்ற கட்டளை. இல்லாத நிரலொன்றை வினவலிற் சுட்டியிருந்தால் அப்போதே பிழை காட்டப்படும். பிழையில்லையேல் மூன்று கோப்புகள் பிறக்கும்: இணைப்புக்குரியது, அட்டவணைகளின் கட்டமைப்புகளுக்குரியது, வினவல்களின் சார்புகளுக்குரியது. தொடக்கநிலையாளர் பலர் மயங்கும் இடமொன்றுண்டு: இக்கட்டளை தரவுத்தளத்தில் அட்டவணைகளை ஆக்குவதில்லை. வரைவை அது வாசிக்கிறது, அவ்வளவே. அட்டவணைகளைத் தனியே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

பிறந்த கோப்புகளின் தலையில், இது கருவியால் ஆக்கப்பட்டது, திருத்தற்க என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் காணப்படும். எச்சரிக்கை நியாயமானதே, கையாற் செய்த திருத்தம் அடுத்த முறை பிறப்பிக்கையில் அழிந்துபோகும். ஆயின் சமூகவியல் நோக்கில் அவ்வாசகம் வேறொன்றையும் சொல்கிறது. 1974 இல் ஹரி பிறேவர்மன், முதலாளித்துவ உற்பத்தியிற் கருத்தாக்கம் செயலாக்கத்தினின்று பிரிக்கப்படுவதை விளக்கினார். 1977 இல் பிலிப் கிறாஃப்ட் செய்நிரலாளரின் உழைப்புக்கு அந்நோக்கை விரித்தார். எமது இடதுசாரி நண்பர்கள் சிலர் பிறப்பாக்கிகளையும் இதே திறன்பறிப்பின் தொடர்ச்சியாகக் காண்பர். இது ஓரளவே பொருந்தும். நிரலை மாறிக்குள் இடும் சலிப்பு வேலையைக் கருவி ஏற்பதிற் புலம்ப ஒன்றுமில்லை. கையால் எழுதிய காலத்திற் சிக்கலான பதிவொன்று எதிர்ப்பட்டால், எழுதுபவர் அவ்விடத்திலே தயங்குவார், கேட்பார், விதிவிலக்கொன்று செய்வார். தயக்கத்துக்கான அவ்விடங்கள் இப்போது இல்லை. தீர்மானங்கள் யாவும் அட்டவணை வரைவு என்னும் ஒரே புள்ளியிற் குவிந்துவிட்டன. அப்புள்ளியில் இலக்கிய ஆய்வாளர் இல்லாதபோது, மாதிரிப் பாடத்தின் எழுத்தாளர் அட்டவணை அவருடைய ஆசனத்தில் அமர்ந்துகொள்கிறது.

ஆகவே வரைவு எழுதப்படும் அமர்வில், நாட்டார் பாடல்களைக் கள ஆய்வு செய்தவர் ஒருவரும், பழைய இதழ்களின் பக்கங்களோடு பழகியவர் ஒருவரும் இருத்தல் வேண்டும். அவர்கள் எஸ்.கியூ.எல். அறிந்திருக்க வேண்டியதில்லை. மிகவும் இடர்தரும் இருபது பதிவுகளை, பெயரற்றது, இருபெயருடையது, தொடராக வந்து இடையில் நின்றது, வேறொரு சஞ்சிகையிலிருந்து மறுபிரசுரமானது என்றவாறு, தாளில் எழுதிக் கொண்டுவந்தாற் போதும். எளிய பதிவுகளால் வரைவைச் சோதிப்பது பயனற்றது. அவை எந்த வரைவிலும் அடங்கும்.

அமர்விற் பேசி முடிவானவற்றை எழுதி வைக்கவும் ஓர் இடமுண்டு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் அட்டவணைக்கும் நிரலுக்கும் விளக்கக் குறிப்பொன்றை வரைவிலேயே இணைக்கலாம். எஸ்.கியூ.எல்.சி. அதனை எடுத்துத் தான் பிறப்பிக்கும் கட்டமைப்பின் மேல் குறிப்பாக எழுதிவிடும். குறிப்புக்கு ‘கோ’ மொழி எந்தத் தடையும் விதிப்பதில்லை. அது தமிழில் இருக்கலாம், எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். படைப்புரிமை நிலை என்ற நிரலுக்கு நாம் எழுதக்கூடியது இவ்வாறு அமையலாம்: ‘எழுதியவர் இல்லாமை குறைபாடன்று. கூட்டுப் படைப்புக்குத் தொகுத்தவரை எழுதியவராகப் பதியற்க. பெயர் அச்சிடப்படாமையும் பக்கம் சிதைந்தமையும் வேறு வேறு. இதழை நேரிற் பார்த்த பின்னரே ஒன்றைத் தெரிக.’ ஒவ்வொரு முறை பிறப்பிக்கும்போதும் இவ்வரிகள் மீண்டும் செய்நிரலின் தலையில் வந்து நிற்கும்.